செட்டிநாட்டிலிருந்து சிவாலிக் வரை: தொல்குரங்கு ஆய்வுக்கு வர விரும்புகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தலைக்கறி சமைத்தால் ஆட்டின் கீழ்த்தாடையைக் குப்பையில் போட வேண்டாம். ஒட்டியிருக்கும் சதை கழன்று வரும்வரை வெந்நீரில் கொதிக்கவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். பிறகு வளவு வாசலின் வெளிச்சத்தில் உட்கார்ந்து கடைவாய்ப்பல்லை மேலிருந்து பாருங்கள். பிறைநிலா வடிவில் எனாமல் வரம்புகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். தழையை அரைப்பதற்கென்றே அமைந்த பல் அது. அடுத்து, கண்ணாடி முன் வாயைத் திறந்து உங்கள் கீழ்வரிசையின் முதல் கடைவாய்ப்பல்லைப் பாருங்கள். அங்கே வரம்புகள் இல்லை, ஐந்து குமிழ்கள். சொத்தை அடைக்காத பல்லாக இருந்தால் அந்தக் குமிழ்களுக்கு நடுவே ஒய் எழுத்தைப் போலக் கிளைத்து ஓடும் பள்ளமும் தெரியும். கிப்பனுக்கும் ஓராங் உட்டானுக்கும் கொரில்லாவுக்கும் சிம்பன்சிக்கும் நமக்கும் இந்த அமைப்பு பொது. பிரான்மலையில் உங்கள் கையிலிருந்து பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிற நாட்டுக்குரங்குக்கு இது கிடையாது. அதன் பல்லில் நான்கு குமிழ்கள், இரண்டிரண்டாகச் சேர்ந்து இரண்டு வரப்புகளாக நிற்கும்.

வாலுள்ள குரங்கின் பல்லையும் வாலில்லாக் குரங்கின் பல்லையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் முதல் படியைத் தாண்டிவிட்டீர்கள். தொல்குரங்குகளை, அதாவது அழிந்துபோன வாலில்லாக் குரங்குகளைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி பற்கள் சொன்னதுதான். உடலிலேயே கடினமான பொருள் எனாமல். எலும்பு மட்கிய இடத்திலும் பல் நிற்கும். சீனாவில் வாழ்ந்த ஜைகாண்டோபித்தேகஸ் என்ற மாபெரும் குரங்குக்கு இதுவரை கிடைத்த சான்றுகள் நான்கு கீழ்த்தாடைகளும் ஏராளமான உதிரிப் பற்களுமே. ஒரு கை எலும்புகூடக் கிடைக்கவில்லை. அதன் முதல் பல்லைத் தொல்லுயிரியல் அறிஞர் ஃபான் கோனிக்ஸ்வால்ட் 1935இல் கண்டுபிடித்த இடம் ஹாங்காங்கில் ஒரு மருந்துக்கடை. பொடித்து மருந்தாக்குவதற்காக ‘டிராகன் பல்’ என்ற பெயரில் அங்கே விற்றுக்கொண்டிருந்தார்கள்.

நான் நிலவியல் படித்தவன். சில ஆண்டுகள் சிவாலிக் மலையடிவாரத்துக் களப்பணிகளில் உதவியாளனாக இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி ஆசிரியர் வேலைக்கு வந்தேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அவ்வப்போது வந்து, ‘இந்தப் படிப்புக்கு எப்படிப் போவது?’ என்று கேட்கிறார்கள். திண்ணையில் வைத்துத் துண்டுதுண்டாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நம் மண்ணில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

பலரும் முதலில் செய்கிற தவறு, ஊர்ப்பக்கத்துக் கற்களில் எலும்பைத் தேடுவது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடைக்கால் தோண்டினால் வருவது செம்புறாங்கல். மழைநீர் நெடுங்காலம் பாறையைக் கழுவிக் கழுவி, கரையக்கூடியதை எல்லாம் கொண்டுபோனபின் மிஞ்சிய இரும்பும் அலுமினியமும்தான் அது. எலும்பின் சுண்ணாம்புச் சத்து அப்படிப்பட்ட மண்ணில் தங்காது. திருமயம் கோட்டை ஏறி நிற்கிற பாறையோ பூமியின் ஆழத்தில், உயிரின் தடத்துக்கே இடமில்லாத சூட்டில் இறுகியது. ஆகவே, இங்கே தொல்குரங்கு கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். இந்த மண் எதைத் தின்றுவிட்டது என்று தெரிந்துகொள்வதும் படிப்புத்தான்.

ஆனால் கண்ணைப் பழக்க நல்ல இடங்கள் ஒரு நாள் பயணத்தில் இருக்கின்றன. திருச்சி வழியாக அரியலூர் போங்கள். அங்கே டைனோசர் காலத்துக் கடல் விட்டுச்சென்ற பாறைகளில் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லான அடிமரம் கிடக்கிறது. அதை 1940இல் உலகறியச் செய்தவர் எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையின் கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையானவை என்று கணிக்கப்படுகின்றன. வாலில்லாக் குரங்குகள் ஆப்பிரிக்காவில் பல்கிப் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மரத்தைத் தொட்டுப் பாருங்கள். வருட வளையம் போலத் தெரிகிற கோடுகள், பட்டை உரிந்த தழும்பு எல்லாம் அப்படியே இருக்க, தட்டினால் கல்லின் ஒலி வரும். ‘புதைபடிவம்’ என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் படிப்பதும் விரல் நுனியால் படிப்பதும் வேறுவேறு.

இந்தியாவில் தொல்குரங்குக்குப் பேர்பெற்ற இடம் சிவாலிக். இமயம் உயர உயர, அதிலிருந்து இறங்கிய ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கிலோமீட்டர் கணக்கான தடிமனுக்கு அடுக்கின. ஆற்றோரம் செத்த விலங்குகள் அந்த அடுக்குகளில் மூடப்பட்டன. சிவபித்தேகஸ் என்ற தொல்குரங்கு அங்கே ஏறத்தாழ 1.25 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 85 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தது. ஹிமாசல் பிரதேசத்து ஹரிதல்யங்கர், ஜம்முவின் ராம்நகர், பாகிஸ்தானின் போட்வார் மேட்டுநிலம் ஆகியவை இத்துறையினர் மனப்பாடமாகச் சொல்லும் ஊர்ப்பெயர்கள். 2018இல் குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்தும் ஒரு மேல்தாடை அறிவிக்கப்பட்டபோது வரைபடம் தெற்கே விரிந்தது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும். நம் ஐயாக்கள் கொண்டுவிற்கப் போன பர்மாவின் நடுப்பகுதியில் பொண்டாங் பாறைகள் உள்ளன. சுமார் 4 கோடி ஆண்டுப் பழமை. அங்கிருந்து பொண்டாஞ்சியா என்ற பண்டைய குரங்கினத்தை 1927இல் பில்கிரிமும், ஆம்ஃபிபித்தேகஸை 1937இல் கோல்பர்ட்டும் அறிவித்தார்கள். நம் வீடுகளின் தேக்குத் தூண்கள் அந்த நாட்டிலிருந்து கப்பலேறிக்கொண்டிருந்த காலத்திலேயே அதன் மண்ணிலிருந்து இந்தப் பற்களும் வெளிவந்துகொண்டிருந்தன. பழைய வீட்டின் தூணில் சாய்ந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

சிட்டை எழுதப் பழகுங்கள்

கல்லூரிக்குப் போகும் முன்பே தொடங்க வேண்டிய பயிற்சி இது. மற்ற எதைவிடவும் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். அன்றைய வரவு செலவு அன்றைக்கே சிட்டையில் ஏறிவிட வேண்டும், அதிலிருந்து பேரேட்டுக்கு, ஆண்டு முடிவில் ஐந்தொகை என்பது அவர் வாழ்ந்த ஒழுங்கு. ‘நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்த கணக்கு நாளைக்கு வேறு கணக்காக இருக்கும்’ என்பார். தொல்லுயிரியலின் உயிர்நாடி அந்த ஒழுங்குதான் என்று எனக்கு மிகத் தாமதமாகப் புரிந்தது.

என் முதல் களப்பயணம். மாலை வெயில் சாய்ந்த நேரம், மழை அரித்த சரிவில் ஒரு பன்றியினத்தின் தாடைத் துண்டைக் கண்டேன். மூன்று பற்கள், கரும்பழுப்பில் பளபளத்தன. கைகள் நடுங்க எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு முகாமுக்கு ஓடிவந்தேன். பேராசிரியர் அதைக் கையில் வாங்கும் முன்பே, ‘எந்த அடுக்கிலிருந்து?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் முழுவதும் நான்கு பேர் தேடினோம். ஒன்றுபோலவே நான்கு ஓடைகள். எந்தச் சரிவு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த செய்தியை நான் அரை நிமிடத்தில் அழித்துவிட்டேன். அந்தத் தாடை மாணவர்கள் கையாளும் பயிற்சிப் பெட்டிக்குப் போனது. எந்த ஆய்விலும் அதற்கு இனி இடமில்லை.

எதையும் எடுக்கும் முன் எழுதுங்கள்: நாள், ஜிபிஎஸ் அளவு, அளவுகோல் வைத்து எடுத்த படம், பொருள் பாறைக்குள் பதிந்திருந்ததா அல்லது தரையில் உதிரியாகக் கிடந்ததா, அதற்கு மேலும் கீழும் என்ன பாறை, கண்டவர் யார், கொடுத்த எண் என்ன. பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை மழையில் கரையும். இரவு படுக்கும் முன் இவற்றைப் பதிவேட்டுக்கு மாற்றுங்கள். களக்குறிப்பு சிட்டை என்றால் பதிவேடு பேரேடு. இரண்டும் ஒத்துப்போகாத நாளில் தூங்கக்கூடாது.

இதற்கு ஊரிலேயே ஒரு பயிற்சி உண்டு. கோடையில் கண்மாய் வற்றியதும் போய்ப் பாருங்கள். செத்த மாடோ ஆடோ எங்காவது கிடக்கும். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள். வாரம் ஒருமுறை போய், எந்த எலும்பு எங்கே நகர்ந்திருக்கிறது, நாய் எதை இழுத்துப்போனது, எது வெடித்தது, எது மண்ணுக்குள் இறங்கியது என்று படம் வரைந்து எழுதுங்கள். விலாவும் முதுகெலும்பும் சிதறிய பிறகும் தாடையும் பற்களும் கடைசிவரை கிடப்பதைக் காண்பீர்கள். ஆறு மாதம் விடாமல் செய்த பிள்ளைக்கு, புதைபடிவங்கள் ஏன் இப்படி அரைகுறையாக வருகின்றன என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நோயில் செத்த விலங்கு என்று தெரிந்தால் பக்கத்தில் போகாதீர்கள்.

என்ன படிப்பது

தொல்குரங்கு ஆய்வுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று நிலவியல், அதாவது ஜியாலஜி. இன்னொன்று மானிடவியல் அல்லது விலங்கியல் வழியாக உடற்கூறு. முதல் வாசலில் வருகிறவருக்குப் பாறை தெரியும், எலும்பு தெரியாது. இரண்டாவதில் வருகிறவருக்கு நேர்மாறு. எதில் நுழைந்தாலும் மற்றதை நீங்களே படித்து நிரப்ப வேண்டும். இந்தியாவில் ஆய்வு செய்ய விரும்புகிறவருக்கு நான் நிலவியலையே பரிந்துரைப்பேன். வேலைவாய்ப்பு அங்கே கூடுதல்.

பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் எடுத்திருக்க வேண்டும். இளநிலைக்குச் சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி போன்ற இடங்களில் நிலவியல் பல காலமாகக் கற்பிக்கப்படுகிறது. முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உள்ளன. கடைசியாகச் சொன்னது 1929இல் செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியாரால் நிறுவப்பட்டது என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐ.ஐ.டி.களில் முதுநிலை சேர ஜாம் தேர்வில் நிலவியல் தாள் இருக்கிறது. மானிடவியல் வாசலில் நுழைய விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் துறைகள் உண்டு.

முனைவர் பட்டத்துக்கு வடக்கே போகத்தான் வேண்டும். சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழக நிலவியல் துறை, டேராடூனின் வாடியா இமாலய நிலவியல் நிறுவனம், லக்னோவின் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் ஆகியவற்றின் பெயர்கள் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும். கொல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தொகுப்புகளில் பழைய சிவாலிக் மாதிரிகள் உள்ளன. மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயில் இருக்கிறது. முதல் தடவை போகும்போது ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப் போங்கள். இரண்டு மாதத்தில் சப்பாத்தி பழகிவிடும். இந்தி பேசப் பழகிக்கொள்வது அதைவிட முக்கியம். எந்த ஓடையில் எலும்பு வெளிவந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லப்போகிறவர் ஆடு மேய்க்கும் பெரியவர். அவரிடம் நீங்கள் ஆங்கிலத்தில் கேட்க முடியாது.

செலவைப் பற்றி. சி.எஸ்.ஐ.ஆர்-யு.ஜி.சி. நெட் தேர்வில் புவி அறிவியல் தாள் எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்ச்சி பெற்றால், 2023இலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் முதுநிலை உதவித்தொகையாக 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பெற்றோரிடம் பேசும்போது இந்த எண்ணை முதலில் சொல்லுங்கள். ‘குரங்கு எலும்பைப் பார்க்க இவ்வளவு தூரமா?’ என்று கேட்கும் அப்பத்தாவுக்கும் எண்ணின் மொழி புரியும். அடுத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தொல்குரங்கை மட்டுமே ஆராய்வதற்கென்று நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் நிலவியல் ஆசிரியராகவோ, யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி நிலவியல் ஆய்வுத் துறையிலோ, மருத்துவக் கல்லூரி உடற்கூறு துறையிலோ வேலைபார்த்துக்கொண்டே ஆய்வை நடத்துகிறார்கள். இது தாழ்வில்லை. சம்பளம் ஒரு பக்கம் வந்துகொண்டிருந்தால்தான் ஒரு பல்லுக்காக ஐந்து ஆண்டு காத்திருக்கும் பொறுமை வரும்.

பெண் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு ஒன்று. 1948இல் விக்டோரியா ஏரியின் ருசிங்கா தீவில் புரோகான்சல் என்ற தொல்குரங்கின் மண்டையோட்டைக் கண்டெடுத்தவர் மேரி லீக்கி. அதன் பிறகுதான் ஆப்பிரிக்கத் தொல்குரங்குகளின் முகம் எப்படி இருந்தது என்றே உலகுக்குத் தெரிந்தது. முகாமில் தனிக்கூடாரம், கழிப்பறை வசதி, உடன் வரும் பெண் ஆய்வாளர்கள் யார் என்பதை முன்கூட்டியே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல குழு தயங்காமல் பதில் சொல்லும்.

களத்தில்

மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது களம் திறக்கும். புது மழை சரிவை அரித்திருப்பதால் அப்போதுதான் புதியவை வெளியே தெரியும். வேலையின் பெரும்பகுதி நடைதான். காலையில் வெயில் சாய்வாக விழும்போது தலையைக் குனிந்துகொண்டு மெல்ல நடக்க வேண்டும். தோண்டுவது பிறகு. எலும்பா கல்லா என்று ஐயம் வந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள். எலும்புக்குள் தேன்கூடு போன்ற துளைகள் இருக்கும். ஈரமான நாக்கு நுனியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பல்லென்றால் எனாமல் சட்டென்று மின்னும்.

2015இல் ராம்நகரில் அப்படித்தான் நடந்தது. மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்த குழு சற்று இளைப்பாற நின்றது. நியூயார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கில்பர்ட், தரையில் சிறு மண்குவியலில் ஏதோ மின்னுவதைப் பார்த்துக் கிளறியெடுத்தார். ஒரே ஒரு கீழ்க்கடைவாய்ப்பல். சண்டிகர்ப் பேராசிரியர்களும் சேர்ந்த அந்தக் குழு, பல்லை சி.டி. ஸ்கேன் செய்து, வாழும் இனங்களோடும் அழிந்த இனங்களோடும் ஒப்பிட்டு, 2020இல்தான் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 1.3 கோடி ஆண்டுப் பழமையான கிப்பன் வழியினம். பெயர் கபி ராம்நகரென்சிஸ். பார்த்தது ஒரு கணம், உறுதிசெய்தது ஐந்து ஆண்டு.

பெரிய எலும்பு கிடைத்தால் அதைச் சுற்றி மண்ணோடு வெட்டி, மேலே ஈரத்தாள் ஒட்டி, சணல் சாக்குக் கீற்றுகளைப் பாரிஸ் சாந்தில் தோய்த்துச் சுற்றுவார்கள். கை முறிந்தவருக்குப் போடும் மாவுக்கட்டு போலத்தான். ஈரத்தாளை மறந்தால் சாந்து எலும்பிலேயே ஒட்டிவிடும். பிறகு ஆய்வகத்தில் பல மாத வேலை. நொறுங்கும் எலும்புக்கு அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பிசினைச் சொட்டுச்சொட்டாக விடுவார்கள். அதை எப்போது வேண்டுமானாலும் கரைத்து எடுத்துவிடலாம் என்பதுதான் காரணம். கடையில் விற்கிற வீட்டுப் பசையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சிறு பற்களுக்கு மண்ணை மூட்டைகளில் அள்ளி, ஓடை நீரில் சல்லடையில் அலசுவது உண்டு. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து செய்யும் வேலை. அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கண்ணுக்கு எளிது.

நிலத்துக்காரரிடமும் ஊராட்சியிடமும் கேட்காமல் ஒரு கல்லையும் தொடக்கூடாது. காடென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். கண்டெடுத்தது எந்தத் தொகுப்பில் எந்த எண்ணில் வைக்கப்படும் என்பது களத்துக்குப் போகும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோகும் ஆசை உள்ளவர்கள் இந்தத் துறைக்கு வரவேண்டாம் என்று கடுமையாகவே சொல்வேன்.

ஆய்வகத்தில்

முதலில் அளப்பது. வெர்னியர் காலிப்பரால் பல்லின் நீளம், அகலம். கேட்க எளிது. அந்த ஆட்டுத்தாடையை எடுத்து எல்லாக் கடைவாய்ப்பற்களையும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல் மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் கைப்பிழை. இரண்டு இனங்களுக்கு நடுவே உள்ள வேறுபாடு சில சமயம் அந்தப் பிழையைவிடச் சிறியதாக இருக்கும். தன் கைப்பிழை எவ்வளவு என்று தெரியாதவர் புதிய இனம் என்று அறிவிக்கக்கூடாது.

அடுத்து உள்ளே பார்ப்பது. 2014இல் கென்யாவில் துர்கானா ஏரிக்கு மேற்கே, அந்நாட்டுக் களப்பணியாளர் ஜான் எக்குசி ஒரு தொல்குரங்குக் குட்டியின் சிறு மண்டையோட்டைக் கண்டார். எலுமிச்சம்பழம் அளவு, 1.3 கோடி ஆண்டு. மிக ஆற்றல்வாய்ந்த எக்ஸ்ரேயால் பார்த்தபோது, தாடைக்குள் இன்னும் முளைக்காத பற்கள் தெரிந்தன. எனாமல் ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய கோடாக வளரும். அந்தக் கோடுகளை எண்ணி, குட்டி செத்தபோது அதன் வயது சுமார் ஒரு வருடம் நான்கு மாதம் என்று கணக்கிட்டார்கள். இதைப் பற்றி வகுப்பில் பேசும்போது ஒவ்வொரு முறையும் என் தொண்டை அடைக்கும். கோடி ஆண்டுக்கு முன் செத்த ஒரு குட்டியின் நாட்களை எண்ண முடிகிறது.

உங்களிடம் அந்தக் கருவிகள் இருக்கப்போவதில்லை. ஆனால் மார்ஃபோசோர்ஸ், ஆஃப்ரிகன் ஃபாசில்ஸ் ஆகிய தளங்களில் மண்டையோடுகளின், தாடைகளின் முப்பரிமாண வடிவங்களைச் செலவில்லாமல் சுழற்றிப் பார்க்கலாம். ஸ்கேன் படங்களைக் கையாளும் த்ரீடி ஸ்லைசர், புள்ளியியல் கணக்குக்கான ஆர் ஆகிய மென்பொருள்கள் இலவசம். காரைக்குடியிலேயே 1948இல் தோன்றிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. தொல்லுயிரியல் அங்கே நடப்பதில்லைதான். ஆனால் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் போய் எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் எக்ஸ்ரே கருவியும் வேலைசெய்யும் விதத்தைக் கேட்டுப் பாருங்கள். பின்னாளில் எனாமலைப் படிக்கும்போது பயன்படும்.

வயதைக் கணிப்பது எப்படி என்று கேட்பார்கள். சிவாலிக்கில் பெரும்பாலும் பாறைக்குள் உறைந்த காந்தத் திசையை வைத்துத்தான். பூமியின் வடக்கும் தெற்கும் பலமுறை தலைகீழாக மாறியிருக்கின்றன. அந்த மாற்றங்களின் வரிசையை அடுக்கடுக்காக அளந்து, உலக வரிசையோடு பொருத்துவார்கள். இதனால்தான் அடுக்கு தெரியாத எலும்புக்கு வயதும் இல்லை என்கிறேன்.

எதை நம்புவது

இந்தத் துறையில் நுழையும் எவரும் ராமபித்தேகஸின் கதையை முழுதாகப் படிக்க வேண்டும். 1932இல் ஹரிதல்யங்கரில் எட்வர்டு லூயிஸ் என்ற யேல் பல்கலைக்கழக மாணவர் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்து, 1934இல் அதற்கு ராமனின் பெயரை வைத்தார். 1960களில் எல்வின் சைமன்ஸும் டேவிட் பில்பீமும் அது மனிதனின் நேர்மூதாதை என்று வாதிட்டார்கள். பாதித் தாடையைக் கண்ணாடியில் காட்டுவது போல மறுபாதியாகப் பொருத்தி, நம்முடையது போன்ற வளைவை வரைந்தார்கள். பாடநூல்களில் ஏறியது. 1967இல் சாரிச்சும் ஆலன் வில்சனும் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்கக் குரங்குகளும் பிரிந்து 50 இலட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றார்கள். அப்படியானால் கோடி ஆண்டுப் பழமையான ராமபித்தேகஸ் மனித வழியில் இருக்க முடியாது. எலும்பு பார்ப்பவர்கள் ஏற்கவில்லை. பிறகு போட்வாரில் பில்பீமின் குழுவுக்கே சிவபித்தேகஸின் முகம் கிடைத்தது. உயர்ந்து குறுகிய கண்குழிகள், குழிந்த முகம். ஓராங் உட்டானை அப்படியே நினைவூட்டியது. 1982இல் பில்பீம் அதை வெளியிட்டார். ராமபித்தேகஸ் சிவபித்தேகஸுக்குள் அடங்கியது.

தான் எழுதியதைத் தானே வெளிப்படையாக மாற்றிக்கொண்ட அந்த நேர்மையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கதை அதோடும் முடியவில்லை. 1990இல் அதே குழு அறிவித்த சிவபித்தேகஸின் கை எலும்புகள் ஓராங் உட்டானுடையதைப் போல இல்லை. முகம் ஒன்று சொல்ல, கை வேறு சொல்கிறது. எது உறவு, எது தனித்தனியே வந்த ஒற்றுமை என்பது இன்றைக்கும் வழக்குத்தான். உங்கள் தலைமுறைக்கு அங்கே வேலை இருக்கிறது.

இன்னொன்று, 1922இல் அமெரிக்காவில் ஹென்றி ஆஸ்போர்ன் ஒரே ஒரு பல்லை வைத்து அமெரிக்க வாலில்லாக் குரங்கு ஒன்றை அறிவித்தார். 1927இல் அது பெக்கரி என்ற பன்றி போன்ற விலங்கின் பல் என்று தெரிந்தது. தேய்ந்த பன்றிப்பல் குரங்குப்பல்லைப் போலவே இருக்கும். ஆட்டுத்தாடைக்குப் பிறகு ஒரு பன்றித்தாடையையும் தேடிச் சுத்தம்செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியருக்கு எழுதுவது

முதுநிலையின் முதல் ஆண்டிலேயே எழுதத் தொடங்குங்கள். பல பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய ஒரு கட்டுரையை முழுதாகப் படித்து, உங்களுக்குப் புரியாத ஓர் இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘ஐயா’ என்றோ ‘அம்மா’ என்றோ நம் வழக்கப்படி பணிவாகத் தொடங்குவதில் தவறில்லை; ஆனால் இரண்டாவது வரியிலேயே கேள்வி வந்துவிட வேண்டும். உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட, கண்மாயில் ஆறு மாதம் எழுதிய குறிப்பேட்டின் நான்கு பக்கங்களைப் படமெடுத்து இணைப்பது பலன் தரும். நான் அறிந்த ஒரு மாணவிக்கு முதல் களப்பயணம் கிடைத்தது அந்தப் பக்கங்களால்தான். ஒரு மாட்டின் இடது தாடை பதினோராவது வாரம் எங்கே கிடந்தது என்று அவள் அளந்து எழுதியிருந்தாள்.

மூன்று வாரம் பதில் வரவில்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். டிசம்பர், ஜனவரியில் அனுப்பாதீர்கள். அவர்கள் களத்தில் இருப்பார்கள், சிக்னல் இருக்காது.